பாண்டியன் கேளாத வினா

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேச மேடையேறுவோர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் கண்ணகியின் கற்பைப் பாடி அமர்வர். மற்றொரு சாரார் பாண்டியன் நெடுஞ்செழியனின் நீதியைப் போற்றி அமர்வர். தன் தீர்ப்புப் பிழையென்று தெரிந்த அந்த நொடியே உயிரை விட்டானே, உலகில் வேறு எந்த நாட்டு நீதிபதி இவ்வாறு செய்தான் என்று இவர்கள் கேட்கும்போது மண்டபம் கையொலியால் அதிரும். பட்டிமன்றங்களில் ‘நீதி காத்த பாண்டியன்’ என்பது இன்று ஒரு பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. அங்கிருந்து அது மாணவர்களின் கட்டுரை ஏடுகளுக்கும் வந்து சேர்ந்தது. முப்பது ஆண்டுகளாக அந்தத் தொடரை ஏடுகளில் கண்டு வருகிறேன். சிவப்பு மையால் அதன்கீழ்க் கோடிடத்தான் கை எழுகிறது.

நெடுஞ்செழியன் நேர்மையானவன் என்பதில் ஐயமில்லை. தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்ட மனிதன் என்ற வகையில் அவன் பெரியவனே. ஆயின், நேர்மையான மனிதன் என்பதும் தகுதியுள்ள நீதிபதி என்பதும் ஒன்றல்ல. நீதிபதிக்குரிய தகுதிகள் தீர்ப்புக்கு முன்னே இருக்கவேண்டியவை. தீர்ப்புக்குப் பின்னே விடும் உயிரால் அவற்றை ஈடு செய்ய இயலாது. இளங்கோவடிகள் இதை நன்கு அறிந்தே கொலைக்களக் காதையை அமைத்தார் என்பது என் கருத்து. மேடைப் பேச்சாளர்கள் வழக்குரை காதையில் தொடங்குகிறார்கள். நாம் நான்கு காதைகள் பின்னே சென்று பார்ப்போம்.

அரசவையில் ஆடல் நடந்தது. ஆடல் மகளிரின் அழகில் மன்னன் மனம் சென்றதெனக் கோப்பெருந்தேவி ஊடினாள்; தலைநோவு என்று சொல்லி எழுந்து போனாள். மன்னன் அமைச்சர் சூழலை விட்டு நீங்கி, ஏவல் மகளிர் உடன்வர, தேவியின் மனையை நோக்கி நடந்தான். அந்தக் காவல் வாயிலில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுந்தான். அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்று சொன்னான். மன்னன் ஊர்காப்பாளரை அழைத்தான். என் தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்றான். அவ்வளவே. அதன் பின் மதுரை எரிந்தது.

இக்காட்சியில் கவி எவற்றை அழுத்திக் காட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னன் அமைச்சரை விட்டுப் பிரிந்து வந்தான் என்பதைச் சொல்லாமலும் கதையை நடத்தியிருக்கலாம். ஊடலைச் சொல்லாமலும் நடத்தியிருக்கலாம். அவர் இரண்டையும் சொல்லுகிறார். அரியணையில் வழங்கப்படவேண்டிய தீர்ப்பு அந்தப்புரத்தின் வாயிலில், நின்றபடி, வேறோரிடத்துக்குப் போகும் வழியில் வழங்கப்பட்டது. புகார் கூறியவனின் சொல் கேட்கப்பட்டது. எதிரியின் சொல் கேட்கப்படவில்லை. எதிரி என ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒரு பெயர் இருக்கும், ஓர் ஊர் இருக்கும் என்ற எண்ணமே அந்த வாயிலில் எழவில்லை.

பாண்டியனுக்காக வாதாடுவோர் மூன்று சமாதானங்களைச் சொல்வதுண்டு. முதலாவது ஊழ். கோவலனின் பழவினை வந்து மூண்டது, மன்னன் அதற்குக் கருவியானான் என்பர். இளங்கோவும் வினையைச் சொல்லுகிறார், உண்மைதான். ஆயின் வினையைச் சொன்ன அந்த இடத்திலேயே மன்னன் ஆராயாதவன் ஆனான் என்றும் சொல்லுகிறார். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து மன்னனை விளிக்கும் முதற்சொல்லும் அதே வினைச்சொல்லின் எதிர்மறையே. ‘தேர்தல்’ என்பது அச்சொல். கவியும் ஆராயாதவன் என்றார். பாதிக்கப்பட்டவளும் ஆராயாதவன் என்றாள். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும்போது ஊழின் மேல் பழியைப் போடுவது எங்ஙனம் பொருந்தும்? ஊழ் என்பது கோவலன் ஏன் அன்று அங்கே வந்தான் என்பதற்கு விடையாகலாம். மன்னன் ஏன் கேளாது ஆணையிட்டான் என்பதற்கு விடையாகாது.

இரண்டாவது சமாதானம் சொற்பிழை. கொல்வதற்காகக் கொண்டு வருக என்று சொல்ல எண்ணிய மன்னன், வாய் தவறிக் கொன்று கொண்டு வருக என்று சொல்லிவிட்டான் என்பர். கேட்பதற்கு இனிய நயம். ஆனால் இந்நயம் மன்னனைக் காப்பாற்றுவதில்லை. கொல்வதற்காகக் கொண்டு வருக என்றாலும் தண்டனை முன்னே முடிவாகி விசாரணை பின்னே நிற்கிறது என்றுதானே பொருள்?

மூன்றாவது, பொற்கொல்லன் ஏமாற்றினான் என்பது. ஏமாற்றினான்தான். ஏமாற்ற வருகிறவர்கள் எல்லா மன்றங்களுக்கும் வருவர். அதற்காகவே மன்றம் வேண்டியிருக்கிறது.

இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றபோது மன்னன் உடனே என்ன சொன்னான்? தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். யாரையும் கேட்காமல், அணிமனைக் கணக்கைப் புரட்டாமல், அவனே சொன்னான். ஆகவே அவ்வழக்கைத் தீர்க்கப் போதிய சான்று கொலைக்கு முன்பே மன்னனின் நினைவில் இருந்தது. வாயிலில் நின்றபோது ஊர்காப்பாளரிடம், ‘அச்சிலம்பின் உள்ளே இருப்பது என்னவென்று முதலில் பார்த்து வாருங்கள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கோவலன் மனைவியிடம் திரும்பியிருப்பான். அறிவில்லாமையால் நேர்ந்த பிழை அன்று இது. அறிந்ததைப் பயன்படுத்தும் மனநிலை அந்த நேரத்தில் இல்லாமையால் நேர்ந்த பிழை.

நெடுஞ்செழியன் கல்லாதவனும் அல்லன். புறநானூற்றின் 183ஆம் பாடலைப் பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்ட இறுதியும் அரியணையில் துஞ்சிய மன்னனை ஆரியரை வென்றவன் என்றே சிறப்பிக்கிறது. இருவரும் ஒருவரே என அறிஞர் பலர் கொள்வர். அப்பாடல் எது பற்றியது? கல்வி பற்றியது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலும் கற்றவனைத் தாய் மிகுதியாக விரும்புவாள். ஒரு குடியில் மூத்தவனை விட்டு அறிவுடையவனையே அரசன் நாடுவான். பிறப்பில் கீழ் என்று சொல்லப்பட்டவன் கற்றால், மேல் என்று சொல்லப்பட்டவனும் அவனிடம் செல்வான் என்பது அதன் கருத்து. தோட்டப் பள்ளிகளில் இப்பாடலைக் கற்பிக்கும்போது எங்களுக்கு ஏற்படும் பெருமிதம் சொல்லுந்தரமன்று. அதைப் பாடியவனே அந்தப்புர வாயிலில் நின்று கேளாமல் கொல்லச் சொன்னான் என்றால், கல்வி ஒன்றே நீதிபதியை ஆக்கிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அப்படியாயின் வேறு என்ன வேண்டும்? விடை அதே மதுரையில் இருக்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனின் நகரைச் சுற்றிக் காட்டுகையில் அறங்கூறு அவையத்தையும் காட்டுகிறது. அங்கே அமர்ந்தோர்க்கு அப்புலவர் சொல்லும் அடையாளம் வியக்கத்தக்கது. அவர்கள் இத்தனை நூல் கற்றவர்கள் என்றோ, இன்ன குடியினர் என்றோ அவர் சொல்லவில்லை. அச்சம், துயரம், பற்று ஆகியவற்றை நீக்கியவர்கள். சினமும் மகிழ்ச்சியும் தம்மிடம் எழாமல் காத்துக்கொண்டவர்கள். துலாக்கோல் போன்றவர்கள் என்கிறார். ஐந்தையும் மன்றத்துக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் என்பது கருத்து.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப்புர வாயிலைப் பாருங்கள். தேவி ஊடிச் சென்றாள் என்ற துயரம் இருக்கிறது. அவளிடம் பற்று இருக்கிறது. அவளது சிலம்பைத் திருடியவன் என்றவுடன் சினம் எழுகிறது. தொலைந்த அணியோடு அவள்முன் சென்று நிற்கலாம் என்ற மகிழ்ச்சியும் உள்ளே எட்டிப் பார்த்திருக்கும். ஐந்தில் நான்கு. அச்சம் ஒன்றுதான் இல்லை. அவன் அஞ்சவேண்டியிருந்த நேரம் அதுவே.

துயரமும் மகிழ்ச்சியும் இப்பட்டியலில் இருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் நீதிபதிகள் பதவியேற்குமுன் எடுக்கவேண்டிய உறுதிமொழி இருக்கிறது. அச்சமோ சலுகையோ, விருப்போ வெறுப்போ இன்றிக் கடமையாற்றுவேன் என்பது அதன் நடுப்பகுதி. மருதனாரின் அச்சமும் பற்றும் சினமும் அதில் ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டன. துயரமும் மகிழ்ச்சியும் வரவில்லை. நம் மலேசிய அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழி இன்னும் சுருக்கமானது. பதவியின் கடமைகளை இயன்றவரை செவ்வனே ஆற்றுவேன், மலேசியாவுக்கு உண்மையாக இருப்பேன், அரசியலமைப்பைக் காப்பேன் என்பதோடு நின்றுவிடுகிறது. 124ஆம் பிரிவின்படி இதை எடுத்த பின்னரே நீதிபதி தம் பணியைத் தொடங்கலாம். நாடாளுமன்ற உறுப்பினரும் ஏறக்குறைய அதே வாசகத்தைத்தான் படிக்கிறார். சட்டமன்றத்தில் அமர்பவனுக்கும் தீர்ப்பு மன்றத்தில் அமர்பவனுக்கும் ஒரே உறுதிமொழி போதுமா என்ற எண்ணம் எனக்கு உண்டு. மகிழ்ச்சியில் அளவுக்கு மீறி மன்னிப்பதும், காலையில் மேலதிகாரியிடம் வசவு வாங்கி வந்து பத்து மணிக்கு மாணவன் காதைத் திருகுவதும் எங்கள் தொழிலிலும் நடக்கக் கூடியவை. அவற்றைச் சலுகை என்றும் வெறுப்பு என்றும் எவரும் குறிப்பெழுத மாட்டார். மருதனார் எழுதினார்.

துலாக்கோல் உவமையைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் இன்னும் நுணுக்கமாக ஆளுகிறார். கோல் முதலில் தான் சமமாக நிற்கவேண்டும். அதன் பின்னரே தன்மேல் வைத்ததன் எடையைக் காட்டவேண்டும். பரிமேலழகர் இதை வழக்கு மன்றத்துக்கே பொருத்தி, வினாவும் விடையுமாகக் கேட்டவற்றை உள்ளபடி உணர்தலையும், பின் ஒருபால் சாயாமையையும் பிரித்துக் காட்டுவார். இக்குறளை இம்மலையில் விளக்க எனக்கு அகராதி தேவைப்பட்டதில்லை. கொழுந்துக் கூடைகளை நிறுக்கும் இடத்தில் பழைய தொழிலாளப் பெண்கள் முதலில் பார்த்தது தங்கள் கூடையை அன்று. வெறுந்தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதைத்தான். கூடை ஏறிய பிறகு முள்ளைப் பற்றிப் பேசினால் அது சண்டையாகும். ஏறுமுன் பார்த்தால் அது முறையாகும்.

நீதிபதி என்னும் கோலின் முள்ளை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தின் முதற்குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் ஒருவனைச் சோதிக்கச் சொல்லுகிறது. கௌடலீயரின் அர்த்த சாத்திரத்திலும் இந்நான்கு சோதனைகள் உண்டு. பரிமேலழகர் உரையும் அவ்வழியே செல்லும். கௌடலீயர் ஒருபடி மேலே போய், எந்தச் சோதனையில் தேறியவனை எந்த வேலையில் வைப்பது என்றும் பங்கிட்டார். பொருட் சோதனையில் தேறியவன் கருவூலத்துக்கு. அறச் சோதனையில் தேறியவன் வழக்கு மன்றங்களுக்கும் குற்றங்களைக் களையும் மன்றங்களுக்கும். பணத்தால் மயங்காதவன் என்பது மட்டும் நீதிபதிக்குப் போதாது என்று அவர் கண்டது சிறப்பு. ஆனால் அச்சோதனைகள் ஒற்றர் வழியாக நடத்தப்படும் சூழ்ச்சிகள். நல்லவனிடம் போய்த் தீயதைத் தூண்டிப் பார்ப்பவை. கெடாத மனத்தைக் கெடுத்துவிடக் கூடாது, நீரில் நஞ்சிட்டதுபோல் ஆகிவிடும் என்று அவரே எச்சரிக்கவும் செய்கிறார். வள்ளுவர் நான்கின் பெயரைச் சொன்னார்; ஒற்றரை அக்குறளில் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் ஒருவனுடைய செயலையே உரைகல்லாக வைக்கிறார். எனக்கு அதுவே உவப்பானது. மறைவில் வைக்கும் பொறியைவிட, வெளிப்படையாகச் செய்து முடித்த வேலை நல்ல சான்று.

செய்து முடித்த வேலையைச் சான்றாகக் கொண்ட ஓர் ஆவணம் தமிழ்நாட்டில் கல்லிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடவோலை முறைக்காக அவை புகழ் பெற்றன. ஓலையைக் குடத்தில் இடுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எவருடைய பெயரை ஓலையில் எழுதலாம், எவருடையதை எழுதக் கூடாது என்ற பகுதியே உண்மையில் நீளமானது. இது நீதிபதிகளுக்கென்றே எழுந்த சட்டம் அன்று; ஊர்ச் சபையின் வாரியங்களுக்கானது. ஆயினும் ஊர் வழக்கைத் தீர்ப்பதும் அன்று சபையின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது.

இக்கல்வெட்டை நம்மவர் உலகின் முதல் மக்களாட்சி என்று சொல்லி மகிழ்வதுண்டு. கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாக இருக்கவேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலியாயினும் வேதமும் பாடியமும் கற்றிருந்தால் ஏற்கப்படுவான். இவ்விதிகளின்படி, தோட்ட லயங்களில் பிறந்து, கம்பெனி வீட்டில் குடியிருந்து, வேலை போனால் வீடும் போகும் என்று வாழ்ந்த நம் முன்னோருள் ஒருவர் பெயரும் ஓலையில் ஏறியிராது. பெண்கள் பெயரும் ஏறியிராது. நிலம் இருந்தால் மனம் சாயாது என்று அந்நாளையோர் எண்ணினர் போலும். நிலமே மனத்தைச் சாய்க்கும் என்பதை நிலமில்லாதவர்கள் அறிவார்கள்.

ஆயினும் அதே கல்வெட்டில் நான் தலைவணங்கும் விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் அமர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் அமர முடியாது. கடந்த மூன்றாண்டுகளில் பதவியிலிருந்தவனுக்கும் இடமில்லை. கையூட்டு, திருட்டு முதலியவற்றில் கறைபட்ட கையும் விலக்கப்படுகிறது. முன் செய்த வேலையின் கணக்கை முடித்தவனுக்கே அடுத்த வேலை. இதன் இக்காலத் தம்பி ஒன்றை நம் நாட்டுச் சட்டத்தில் பார்க்கலாம். நீதிபதி நியமனத்தைப் பற்றி 2007இல் எழுந்த பெரும் சர்ச்சையும் அதன் பின் அமைந்த அரச விசாரணை ஆணையமும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 2009இல் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 123ஆம் பிரிவு, உயர்நீதிமன்றத்துக்கும் அதற்கு மேற்பட்ட மன்றங்களுக்கும் நீதிபதியாக வருபவர் குடிமகனாகவும், பத்தாண்டுகள் வழக்கறிஞராகவோ நீதித்துறை, சட்டத்துறைப் பணியிலோ இருந்தவராகவும் இருக்கவேண்டும் என்று மட்டுமே சொல்லியிருந்தது. ஆண்டுகளை எண்ணுவது எளிது; ஆளை எடைபோடுவதுதான் அரிது. புதிய சட்டம் நேர்மை, திறமை, நடுநிலை, நல்லொழுக்கம், துணிந்து முடிவெடுக்கும் ஆற்றல், காலத்தில் தீர்ப்பெழுதும் திறன், உழைப்பு, உடல்நலம், மனநலம் ஆகியவற்றை ஆணையம் ஆராயவேண்டும் என்றது. எழுதவேண்டிய தீர்ப்புகளை நாள் கடந்தும் எழுதாமல் குவித்து வைத்திருப்பவர் மேலே செல்லத் தகுதியற்றவர் என்றும் விதித்தது. உத்திரமேரூர்க் கல்லில் கணக்குக் காட்டாதவன் என்று இருப்பது இங்கே தீர்ப்பு எழுதாதவர் என்று இருக்கிறது.

வயதையும் அனுபவத்தையும் பற்றி ஒரு சொல். உத்திரமேரூரார் 919இல் முப்பது முதல் அறுபது வயது என்று வைத்ததை இரண்டே ஆண்டில் முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றினார்கள். இடையில் எந்த இளைஞர் என்ன செய்தாரோ, கல் வாய் திறக்கவில்லை. கரிகாலன் கதை இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது. இளையவன் எங்கள் வழக்கை எப்படித் தீர்ப்பான் என்று முதியவர் இருவர் ஐயுற, அவன் நரைமுடி அணிந்து வந்து அவர்கள் உவக்கத் தீர்ப்புச் சொன்னான் என்பதைப் பழமொழி நானூறும் மணிமேகலையும் குறிக்கின்றன. இளமை தடையில்லை என்பதற்கு இக்கதையைக் காட்டுவர். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். வழக்காட வந்தவனுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் நல்ல தீர்ப்பும் பயன்படாது என்பதை அறிந்து, அதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டான் அவ்விளைஞன். வாயிலில் நின்ற முதிர்ந்த பாண்டியனுக்கு அது தோன்றவில்லை.

இந்தியாவில் இது இன்று கதையாக இல்லாமல் வழக்காகவே நடந்தது. கீழ்நிலை உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 1993இல் உச்சநீதிமன்றம் வைத்தது. 2002இல் அதைத் தளர்த்தியது. சட்டக் கல்லூரியிலிருந்து நேரே வந்தவர்களும் தேர்வெழுதி நீதிபதி ஆனார்கள். 2025 மே 20ஆம் நாள், தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான அமர்வு மீண்டும் மூன்றாண்டு அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. தேர்வானவர் மன்றத்தில் அமருமுன் ஓராண்டு பயிற்சி பெறவேண்டும் என்றும் சொன்னது. ஏழைப் பிள்ளைக்கு மூன்றாண்டு வருவாயற்ற காத்திருப்பு பெருஞ்சுமை என்று எதிர்ப்போர் கூறினர். அது பொய்யன்று. உத்திரமேரூரின் கால் வேலி நிலம் வேறு உருவில் உள்ளே நுழையக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. உதவித்தொகை கொடுத்துத் தீர்க்க வேண்டிய கவலை அது. அனுபவ விதியை மட்டும் நான் விடமாட்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களை ஒரு வகுப்பின் முன் தனியே நிறுத்துமுன், பின்வரிசையில் விரிவுரையாளர் உட்கார்ந்திருக்கப் பல வாரங்கள் பாடம் நடத்தச் செய்தார்கள். நாற்பது பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கே அவ்வளவு முன்னேற்பாடு என்றால், ஒருவனுடைய வீட்டையும் விடுதலையையும் முடிவு செய்பவனுக்கு எவ்வளவு வேண்டும்? கேளாத வினாவைக் கேட்கும் பழக்கம் நூலில் வருவதன்று; பிறர் கேட்பதைப் பார்த்துப் பார்த்து வருவது.

இனி, பாண்டியனின் வழக்கறிஞர்கள் வாயை அடைக்கும் பகுதி சிலம்பிலேயே இருக்கிறது. கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் வரலாற்றைச் சொல்லுகிறது. திருத்தங்காலில் வாழ்ந்த அந்தணன் வார்த்திகன். அவன் மகனுக்குப் பராசரன் என்பவன் பரிசாகத் தந்த அணிகளைக் கண்டு, அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று அதிகாரிகள் வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுதாள். ஐயை கோயிற் கதவு திறக்கவில்லை. பாண்டிய வேந்தன் என்ன கொடுமை நிகழ்ந்தது என்று விசாரித்தான், உண்மை தெரிந்தது, வார்த்திகனிடம் பொறுத்தருளக் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடுத்தான்.

அதே குற்றச்சாட்டு, அணிகலன், அதே ஐயம், அதே அழும் மனைவி. ஒரு வழக்கில் பிழை திருத்தப்பட்டது, மற்றதில் திருத்தப்படவில்லை. காரணம் ஒன்றே. வார்த்திகன் சிறையில் இருந்தான், கோவலன் இறந்துவிட்டான். கோவலனுக்குக் கதவடைத்து நின்று உணர்த்த எந்தத் தெய்வத்துக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை. கொலைக்களத்தில் நடந்ததும் இதே அவசரத்தின் நீட்சி. காவலருள் சிலர் கோவலனின் தோற்றத்தைப் பார்த்து, இவன் கள்வனாக இருக்க மாட்டான் என்று ஐயுற்றார்கள். பொற்கொல்லன் களவு நூல் விரித்துப் பேசினான். பேச்சு முடியுமுன் கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசினான். வாயிலில் மன்னன் கேட்டிருக்க வேண்டிய வினா, அங்கே ஒரு காவலன் நெஞ்சில் எழுந்து, வாயில் வருமுன் வெட்டுப்பட்டது. தீர்ப்புச் சொன்னவன் கற்றவன்; நிறைவேற்றியவன் கல்லாதவன்; இருவருக்கும் இடையில் ஐயுற்றவனுக்கு அதிகாரம் இல்லை. இளங்கோ இதைவிடத் தெளிவாக ஒரு மன்றத்தின் குறையைக் காட்ட முடியாது.

நம் நாட்டில் 2023 ஜூலை 4ஆம் நாள் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு என்பது சட்டத்தின் சொல். நீதிபதிக்கு வேறு வழியில்லை. இன்று அவர் தூக்கா, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு சட்டத்தின் தோளில் இருந்த பாரம் இப்போது மனிதரின் தோளில். அந்த மனிதரை அப்பீடத்துக்கு அனுப்புவோர் என்ன பார்த்து அனுப்புகிறார்கள் என்பது 2023க்கு முன் இருந்ததைவிட இப்போது நமக்குப் பெரிய வினா. மலைத்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் பெரியது. நல்ல வழக்கறிஞரை அமர்த்தக் காசில்லாதவனுக்கு நீதிபதி ஒருவரே துணை.

வழக்குரை காதைக்கு இப்போது வருவோம். மேடைகள் போற்றும் அந்தக் காட்சியில் பாண்டியன் நல்ல நீதிபதியாகவே நடந்துகொள்கிறான். வாதியின் பெயரும் ஊரும் கேட்கிறான். புகாரைக் கேட்கிறான். தன் மறுமொழியைச் சொல்லுகிறான். சான்றுப் பொருளை அவைக்குக் கொண்டுவரச் செய்கிறான். எல்லார் முன்னும் அது உடைக்கப்படுகிறது. மாணிக்கம் தெறிக்கிறது. குறை சொல்ல முடியாத விசாரணை! முதல்நாள் வாயிலில் இதில் கால்பங்கு நடந்திருந்தால் இரண்டாம்நாள் விசாரணைக்கே வேலை இருந்திராது. அவனுக்கு முறை தெரியும் என்பதையே இக்காதை மெய்ப்பிக்கிறது. தெரிந்திருந்தும் ஏழை வணிகனுக்கு அதை வழங்கவில்லை என்பதையும் சேர்த்தே மெய்ப்பிக்கிறது. அரியணைமுன் தலைவிரி கோலமாய் ஒரு பெண் வந்து நின்று அச்சுறுத்திய பின்னரே அது வழங்கப்பட்டது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. ‘பாண்டியன் நீதி காத்தவன் என்பதை விளக்குக’ என்ற வினாவைத் தேர்வுத் தாள்களில் பலமுறை பார்த்துவிட்டோம். அடுத்த தவணையில், ‘அந்தப்புர வாயிலில் பாண்டியன் பொற்கொல்லனிடம் கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் எவை?’ என்று கேட்டுப் பாருங்கள். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கதையைச் சொல்லி இதைக் கேட்டேன். பதினொன்று எழுதினார்கள். அவற்றுள் ஒன்று, தொலைந்தது ஒரு சிலம்பா இரண்டா என்பது.